அந்த 'வெறும் 4 சதவீதம்'

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழின் மருத்துவப் பகுதியில், "வேலையால் வரும் புற்றுநோய் வெறும் 4 சதவீதம்தான், மீதியெல்லாம் பழக்கவழக்கம்" என்று ஒரு வரி. எந்த நாட்டுக் கணக்கு, எந்த ஆண்டுக் கணக்கு என்று மூச்சில்லை. டால், பீட்டோ என்ற இரு பிரிட்டிஷ் நோய்ப்பரவல் ஆய்வாளர்கள் 1981-ல் அமெரிக்கப் புற்றுநோய் மரணங்களுக்குப் போட்ட மதிப்பீடு அது. 2 முதல் 8 வரை இருக்கலாம் என்றும் அவர்களே எழுதினார்கள். 'வெறும்' மட்டும் தங்கள் உபயம்.

'மீதியெல்லாம்' என்பது இன்னும் மோசம். புற்றுநோய்க் காரணங்கள் கூட்டினால் 100 வருவதற்குச் சொத்துப் பங்கீடு அல்ல. 1979-ல் வெளியான இன்சுலேஷன் (வெப்பக்காப்பு) தொழிலாளர் ஆய்வைத் தாங்கள் அறியாதவரல்ல. ஆஸ்பெஸ்டாஸ் என்ற கனிம நார், சிகரெட் இரண்டும் இல்லாதவரோடு ஒப்பிட்டால், நுரையீரல் புற்றுநோய் மரணம் ஆஸ்பெஸ்டாஸால் மட்டும் 5 மடங்கு, சிகரெட்டால் மட்டும் சுமார் 11 மடங்கு, இரண்டும் சேர்ந்தால் 50 மடங்குக்கு மேல். அந்தச் சாவை யார் பற்றில் எழுதுவது? சிகரெட்டின் பற்றில்தான் எழுதுகிறார்கள். அது கண்ணுக்குத் தெரியும், நார் தெரியாது.

எண் சிறிதாக இருப்பதற்கு இன்னொரு காரணம், அளக்காததுதான். ஆஸ்பெஸ்டாஸால் நுரையீரல் உறையில் வரும் புற்றுநோயான மீசோதீலியோமா தலைகாட்ட 20 முதல் 50 ஆண்டு ஆகும். அதற்குள் ஆலை மூடியிருக்கும், பதிவேடு பழைய தாளோடு போயிருக்கும். நோயாளியின் தாளில் 'தொழில்' என்ற கட்டத்தில் 'ஓய்வு பெற்றவர்' என்று எழுதி முடித்துவிடுவார்கள். ஓய்வு பெற்றிருப்பது ஒரு தொழிலா?

அளக்கும் இடத்திலும் கூத்துதான். கல்லிலும் மணலிலும் உள்ள சிலிக்கா தூசு என்றால், காற்றை இழுக்கும் பம்பு தொழிலாளியின் இடுப்பில், தூசைப் பிடிக்கும் வடிகட்டி சட்டைக் கழுத்துப்பட்டையில், மூக்கிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள். கரட்டுத்தூசைப் பிரித்து நுண்தூசை மட்டும் வடிகட்டிக்கு விடும் 10 மில்லிமீட்டர் நைலான் சைக்ளோன் என்றால் நிமிடத்துக்கு 1.7 லிட்டர் காற்று. வேலை தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும், வடிகட்டியை மாட்டிய நிலையிலேயே ஓட்டத்தைச் சரிபார்க்க வேண்டும். முன் அளவும் பின் அளவும் 5 சதவீதத்துக்கு மேல் விலகினால் மாதிரி குப்பைக்கு. சைக்ளோனைத் தலைகீழாகப் பிடித்தால் அடியில் தங்கிய கரட்டுத்தூசு வடிகட்டியில் கொட்டிவிடும், அதுவும் குப்பைக்கு. நடப்பதென்ன? பம்பை மேற்பார்வையாளர் அறைச் சுவரில் மாட்டுவது, தரையைக் கழுவிவிட்ட நாளில் ஓட்டுவது. பிறகு 'வரம்புக்குள்' என்று சான்றிதழ். அதை நம்பி ஆய்வாளர் 'தொடர்பு தெளிவில்லை' என்று எழுதுவார், தாங்கள் 'வெறும்' என்று எழுதுவீர்கள்.

பி.வி.சி. பிளாஸ்டிக்கின் மூலப்பொருளான வினைல் குளோரைடு புற்றுநோய் தருவது 1974-ல் பிடிபட்டது எப்படி? அமெரிக்காவின் கென்டக்கியில் ஒரே ஆலையில் 3 பேருக்கு ஈரல் ஆஞ்சியோசர்கோமா, அதாவது ஈரலின் ரத்தக்குழாய்ப் புற்றுநோய். அவ்வளவு அரிய நோய் என்பதால் மருத்துவர் கண்ணில் பட்டது. அதுவே நுரையீரல் புற்றுநோயாக இருந்திருந்தால் ஊர்க்கணக்கில் கரைந்திருக்கும்.

இதோடு முடிந்ததா? பதப்படுத்திய இறைச்சியும் ஆஸ்பெஸ்டாஸும் 'ஒரே அளவு ஆபத்து' என்று முன்பொரு தலைப்பு போட்டீர்கள். லியோனில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இரண்டையும் வைத்திருக்கும் முதல் பிரிவு, புற்றுநோய் தரும் என்பதற்குச் சான்று எவ்வளவு உறுதி என்று சொல்வது. ஆபத்தின் அளவைச் சொல்வதல்ல. கல் அறுப்பவர் மூக்கில் துணி கட்டிய படத்துக்கு 'பாதுகாப்புடன்' என்று குறிப்பு வேறு. நுரையீரலின் அடிவரை போகும் சிலிக்காத் துகளுக்கு அந்தத் துணி திறந்த வாசல்.

கேட்பது பெரிதொன்றுமில்லை. அடுத்த இதழில் நான்கு வரித் திருத்தம்: 1981, அமெரிக்கா, 2 முதல் 8. இடமில்லை என்றால், இணையப் பதிப்பில் அந்த 'வெறும்' என்ற சொல்லையாவது எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தொழிற்கூடக் காற்றை அளப்பதைத் தொழிலாகக் கொண்ட ஒரு வாசகர்