வானிலைப் பகுதியில் மண் வெப்பநிலையும் வரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடுகள், பள்ளிகள், அலுவலக வளாகங்கள் ஆகியவற்றின் புல்தரைகளை ஆண்டு ஒப்பந்தத்தில் பராமரிக்கும் தொழிலைப் பதினெட்டு ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். ஆண்டு முடியும் தறுவாயில் எங்கள் தொழிலில் இருப்பவர்கள் அடுத்த ஆண்டுக்கான வேலை அட்டவணையை எழுத உட்காருவோம். பன்னிரண்டு கட்டங்களைப் போட்டு, மாதத்துக்கு நான்கு வெட்டு, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை உரம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை களைக்கொல்லி என்று நிரப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று கருதும் பழக்கம் எங்களில் பலரிடம் இருக்கிறது. அப்படி எழுதப்படும் அட்டவணை புல்லுக்கும் கேடு, தொழிலுக்கும் நட்டம் என்று பட்டுத் தெரிந்துகொண்டவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன். தங்கள் நாளிதழிடம் வைக்க ஒரு வேண்டுகோளும் உண்டு.

தொழிலுக்கு வந்த மூன்றாம் ஆண்டில், என் பொறுப்பில் இருந்த ஒரு வளாகத்தின் புல்தரைக்குக் கடுங்கோடையில் யூரியா இட்டேன். அட்டவணையில் அந்த வாரம் உரம் என்று எழுதியிருந்தது. வேறு காரணம் எதுவும் இல்லை. பத்து நாள்களுக்குள் தரையில் வட்டவட்டமாகப் பழுப்புத் திட்டுகள் தோன்றின. அதிகாலையில் குனிந்து பார்த்தபோது, ஈரம் காயாத இலைகளுக்கு நடுவே ஒட்டடை போன்ற மெல்லிய வெண்ணிழைகள் படர்ந்திருந்தன. அது பூஞ்சை நோய். வெப்பத்தில் ஏற்கெனவே சோர்ந்திருந்த குளிர்பருவப் புல்லுக்கு நான் கொடுத்த தழைச்சத்து (நைட்ரஜன்), இளசான இலைகளை வரவழைத்து, நோய்க்கு இரையாக்கிவிட்டது. அந்தத் தரை மீண்டு வர அடுத்த இலையுதிர்காலம் வரை ஆயிற்று. அதற்குள் ஒப்பந்தம் கைவிட்டுப் போய்விட்டது. அந்த வாடிக்கையாளரை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆகவே அட்டவணையின் முதல் வரியில் மாதத்தின் பெயருக்குப் பதிலாகப் புல்லின் பெயர் இருக்க வேண்டும். புல்தரைப் புற்கள் இரண்டு பெரும் வகைப்படும். அருகம்புல்லும் அதன் கலப்பினங்களும், சோய்சியா, செயின்ட் அகஸ்டின் போன்றவையும் வெப்பப் பருவப் புற்கள். காற்றின் வெப்பநிலை 27 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போது அவை நன்றாக வளரும். கென்டக்கி புளூகிராஸ், ரைகிராஸ், ஃபெஸ்க்யூ ஆகியவை குளிர்பருவப் புற்கள். அவற்றுக்கு உகந்தது 15 முதல் 24 டிகிரி வரை. ஒரே நாளில் ஒன்று ஓங்கி வளர்ந்துகொண்டிருக்க, மற்றொன்று உறக்கத்தில் இருக்கும். இரண்டையும் ஒரே அட்டவணையில் அடைத்துவிட்டு, ஒரு தரை மட்டும் ஏன் கெட்டது என்று பிறகு தேடுவதில் பொருளில்லை.

வெட்டும் வேலையை எடுத்துக்கொள்வோம். ஒரு முறை வெட்டும்போது இலையின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் அடிப்படை விதி. தரையை 6 செ.மீ. உயரத்தில் வைத்திருக்க விரும்பினால், புல் 9 செ.மீ. வளர்வதற்குள் இயந்திரம் அங்கே போக வேண்டும். வளர்ச்சி உச்சத்தில் இருக்கும்போது அந்த இடைவெளி ஐந்து நாளாகவும் இருக்கலாம், வளர்ச்சி மந்தமான காலத்தில் மூன்று வாரமாகவும் இருக்கலாம். மாதத்துக்கு நான்கு வெட்டு என்ற கணக்கு இந்த இரண்டு காலத்துக்குமே பொருந்தாது. ஆள்களுக்கு வேலை கொடுத்தாக வேண்டும் என்பதற்காக வளராத புல்லை வெட்டுவதும், அன்றைய தேதி வரவில்லை என்பதற்காக வளர்ந்த புல்லை விட்டுவைத்துப் பிறகு அடியோடு ஒட்ட வெட்டுவதும், வேரை ஒன்றுபோலவே பலவீனப்படுத்துகின்றன. இதோடு சேர்த்து, வெட்டுத் தகடு தீட்டும் நாளையும் அட்டவணையில் எழுதிவைக்க வேண்டும். மழுங்கிய தகடு புல்லை அறுக்காது, கிழிக்கும். மறுநாள் இலை நுனிகள் நார்நாராகப் பிரிந்து வெளுத்திருக்கும், தூரத்திலிருந்து பார்த்தால் தரை முழுதும் சாம்பல் பூத்தது போலத் தெரியும்.

உரத்திலும் இதே கதைதான். ஒரு தடவைக்குச் சதுர மீட்டருக்கு 5 கிராம் தழைச்சத்து என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து உள்ளதால், ஏறத்தாழ 11 கிராம் யூரியா அதற்குப் போதும். அந்த அளவை எப்போது இடுகிறோம் என்பதில்தான் பலன் அடங்கியிருக்கிறது. வெப்பப் பருவப் புல்லுக்கு அது பச்சை பிடித்து வளரும் மாதங்களில் பிரித்து இட வேண்டும். குளிர்பருவப் புல்லுக்குப் பெரும்பங்கு இலையுதிர்காலத்தில் போக வேண்டும். கனமழைக்கு முந்திய நாளில் இட்ட உரம் வடிகாலுக்குத்தான் போய்ச்சேரும். வெட்டிய துணுக்குகளை அள்ளாமல் தரையிலேயே விட்டுவைத்தால், ஆண்டுத் தழைச்சத்துத் தேவையில் ஏறத்தாழ கால் பங்கு திரும்பக் கிடைத்துவிடும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) மண் பரிசோதனை சொன்னால் மட்டுமே இட வேண்டியவை.

மிகுதியாகத் தவறு நேர்வது களைக்கொல்லியில். குளிர்காலம் உள்ள இடங்களில், 5 செ.மீ. ஆழத்தில் மண்ணின் வெப்பநிலை தொடர்ந்து சில நாள்கள் 13 டிகிரியைத் தொடும்போது கிராப்கிராஸ் என்னும் ஓராண்டுக் களையின் விதைகள் முளைக்கத் தொடங்குகின்றன. முளைப்பைத் தடுக்கும் மருந்து அதற்குச் சற்று முன்பே மண்ணில் இருக்க வேண்டும். அந்த நாள் ஒவ்வோர் ஆண்டும் முன்னும் பின்னுமாக நகரும். சென்ற ஆண்டின் தேதியை அப்படியே எடுத்து எழுதினால் மருந்தும் கூலியும் வீண். அந்த மருந்து களைவிதைக்கும் புல்விதைக்கும் வேறுபாடு பார்ப்பதில்லை என்பதால், தெளித்த பிறகு இரண்டு முதல் நான்கு மாதங்கள் வரை புதிய விதை தூவவும் முடியாது. விதைப்பையும் மருந்தையும் அடுத்தடுத்த வாரங்களில் எழுதியிருந்த அட்டவணைகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தண்ணீரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாரத்துக்கு, மழையையும் சேர்த்து, ஏறத்தாழ 2.5 செ.மீ.; ஒன்று அல்லது இரண்டு முறையில், அதிகாலையில். தரையில் நாலைந்து சிறு டப்பாக்களை வைத்துத் தெளிப்பானைத் திறந்தால் எந்த மூலைக்கு எவ்வளவு விழுகிறது என்று தெரிந்துவிடும்.

தொழில் நடத்துபவருக்கு உண்மையான நெருக்கடி வேறிடத்தில் இருக்கிறது. இறுகிய மண்ணில் துளையிட்டுக் காற்றோட்டம் தரும் வேலையைப் புல் வேகமாக வளரும் காலத்தில்தான் செய்ய வேண்டும். அப்போதுதான் துளைகள் விரைவில் மூடிக்கொள்ளும். ஒரே வகைப் புல் வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் அந்தச் சில வாரங்கள் ஒன்றாகவே வரும், நம்மிடம் இருப்பதோ ஓர் இயந்திரம். எனவே ஒவ்வொரு தரையின் பரப்பையும், அதற்கு ஆகும் மணிநேரத்தையும் முன்கூட்டியே கூட்டிப் பார்த்து, மொத்தம் அந்த வாரங்களுக்குள் அடங்குகிறதா என்று தெரிந்துகொண்ட பிறகே புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். வாரத்தில் ஒரு நாளை மழைக்காக நான் வெறுமையாகவே விட்டுவைக்கிறேன். ஈரத் தரையில் இயந்திரத்தை ஓட்டினால் சக்கரத்தடம் பதிந்து மண் இறுகிவிடும். மந்தமான மாதங்கள் இயந்திரப் பழுதுபார்ப்புக்கும் மண் பரிசோதனைக்கும்.

புல்தரை வைத்திருக்கும் வாசகர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மாதந்தோறும் ஒரே தொகை கொடுக்கிறோம், இந்த மாதம் இரண்டு முறைதான் வந்தீர்கள் என்ற வருத்தம் எனக்குப் பழக்கமானது. அது நியாயமான வருத்தமும்கூட, ஏனென்றால் நாங்கள் அதை முன்கூட்டியே விளக்குவதில்லை. ஆண்டு முழுவதற்குமான வேலைக்குத்தான் தொகை பேசப்படுகிறது, அது பன்னிரண்டு தவணைகளாகப் பிரிக்கப்படுகிறது, வருகைகள் மட்டும் புல்லின் வளர்ச்சியைப் பொறுத்துக் கூடிக் குறையும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதித்தரும்படி கேளுங்கள். இப்போது என் ஒப்பந்தங்களில் அந்தப் பத்தி முதல் பக்கத்திலேயே இருக்கிறது.

இனி என் வேண்டுகோள். தங்கள் நாளிதழின் வானிலைப் பகுதியில் அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலையும் மழையளவும் நாள்தோறும் வெளியாகின்றன. வானிலை நிலையங்கள் பலவற்றில் 5, 10, 20 செ.மீ. ஆழங்களில் மண்ணின் வெப்பநிலையும் அளக்கப்படுகிறது. அதில் 5 செ.மீ. ஆழத்து அளவை மட்டும், வாரத்துக்கு ஒரு முறை, ஒரே ஒரு வரியாக அச்சிட்டாலும் போதும். மண் வெப்பமானி வாங்க இயலாத சிறு தொழில்முனைவோர் உட்பட எங்களில் எத்தனையோ பேர் அந்த வரியை வெட்டி எடுத்து அட்டவணையின் மேல் ஒட்டிவைப்போம்.

இப்படிக்கு,
புல்தரைப் பராமரிப்புத் தொழில் செய்யும் வாசகர் ஒருவர்