பரணில் கிடக்கும் பேரேடுகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி வீடுகளில் பரண்மேல் கிடக்கும் பழைய வணிகக் கணக்குப் பேரேடுகளைத் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். கருப்பட்டியும் கருவாடும் சங்கும் அன்று என்ன விலைக்குப் போயின என்பதற்கு அவைதான் நேர்ச்சாட்சி.

வாசிப்பதில் பெரிய இடறல் ஆண்டுக்கணக்கு. 60 ஆண்டுக்கு ஒருமுறை தமிழ் ஆண்டின் பெயர் திரும்புவதால் ‘விகிர்தி’ 1830 ஆகவும் இருக்கலாம், 1890 ஆகவும் இருக்கலாம். ஆண்டு சித்திரையில் தொடங்குவதால், அதிலும் தை மாதப் பற்று என்றால் 1831 அல்லது 1891. கூட்டும்போது ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. இன்றுபோல் ரூபாய்க்கு 100 பைசா என்று போட்டால் மொத்தம் இடிக்கும்.

உப்புக்காற்றில் நைந்த தாளை லேமினேஷன் செய்வதுதான் பெருங்கேடு. ஈரமும் மையின் அமிலமும் உள்ளேயே தங்கித் தாளை அரிக்கும். பிறகு பிரிக்கவும் முடியாது. நிழலில் ஆறவிட்டு, மெல்லிய தூரிகையால் தூசி தட்டி, பக்கம் பக்கமாகப் படமெடுத்து வையுங்கள்.

– ஒரு வாசகர், இராமநாதபுரம்