பேப்பர்காரரைக் கூப்பிட முதல்

கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் பழைய வீட்டை விற்றுவிட்டுச் சாமான் ஒதுக்கிக்கொண்டிருக்கும் எல்லாருக்கும்,

வணக்கம். கட்டில், அலுமாரி, குத்துவிளக்கு எல்லாம் யார் யாருக்கு என்று பேசி முடித்திருப்பீர்கள். தையல் மெஷினைக் கனடாவிலிருக்கும் தங்கச்சி கேட்டிருப்பார். நான் கேட்க வந்தது அதையெல்லாம் இல்லை. மாமரத்தடியில் குவித்து வைத்திருக்கிறீர்களே, அந்தக் கடதாசிக் குவியலைப் பற்றித்தான். "பரண பத்தர, போத்தல்" (பழைய பேப்பர், போத்தல்) என்று ஒழுங்கைக்குள் சிங்களத்தில் குரல் கேட்டதும் தராசில் ஏறப்போகிற குவியல்.

போன வருஷம் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீடு இடிபட முதல் நாள் நான் போய்ச் சேருவதற்குள் பேப்பர்காரர் எல்லாவற்றையும் கட்டிவிட்டார். கெஞ்சிக் கயிற்றை அவிழ்க்க வைத்து, நிறைக்கு இரண்டு மடங்கு காசு கொடுத்து ஒரு கட்டை வாங்கினேன். உள்ளே ஒரு கணக்குக் கொப்பி. ஏழாம் வாய்ப்பாடு பாதியில் நிற்கிறது. அதற்குப் பிறகு பக்கத்துக்கு ஆறாக நெருப்புப்பெட்டிப் படங்கள். சோற்றுப் பசைதான், ஓரமெல்லாம் பூச்சி அரித்திருக்கிறது. சில படங்களில் சுவீடனில் செய்தது என்று பொடி எழுத்து. ஒரு யானையைத் தலைகீழாக ஒட்டிவிட்டு, உரிக்கப் போய்க் கால் கிழிந்து, புதிதாக ஒரு காலைப் பென்சிலால் கீறி விட்டிருக்கிறது அந்தப் பிள்ளை. மற்ற மூன்றையும்விட அது கொஞ்சம் நீளம். வீட்டுக்காரரிடம் காட்டினேன். "பெரியப்பான்ர கொப்பியா இருக்கும்" என்றார். இருக்கும்! எந்தப் பெரியப்பா, எந்த வயதில் என்று கேட்டால் அவருக்கும் தெரியவில்லை.

அதனால்தான் எழுதுகிறேன். புத்தகத்துக்குச் சட்டமாவது இருக்கிறது: 1885ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் ஒன்றின்படி இங்கே அச்சாகும் நூல்களின் பிரதி அரசாங்கத்துக்குப் போக வேண்டும். நெருப்புப்பெட்டிப் படத்துக்கும் டொபித் தாளுக்கும் அப்படி யார் இருக்கிறார்கள்? அவற்றைச் சேர்த்து வைத்ததெல்லாம் எட்டு வயதுப் பிள்ளைகள்தான். அந்தப் பிள்ளைகளின் பெட்டிகளிலும் பாதி 83 ஜூலைக் கலவரத்தில் இந்த ஒழுங்கைகளிலேயே எரிந்தது. யாழ்ப்பாணத்து வீடுகளில் இருந்தவை 95 இடப்பெயர்வில் நாங்கள் விட்டுவிட்டு நடந்தவற்றோடு போயின. மிஞ்சியதை நாமே நிறுத்து விற்கிறோம்.

சரி, எதையெல்லாம் எடுத்து வைப்பது? ஒரு சப்பாத்துப் பெட்டி போதும். முதலில் துணித் தாள்கள். அந்தக் காலத்தில் மான்செஸ்டரிலிருந்து வந்த துணிக்கட்டுகளில் கிருஷ்ணர், லட்சுமி, மயில், புலி என்று பளபளப்பான படம் ஒட்டி வரும். எழுத்து வாசிக்கத் தெரியாதவரும் "எனக்கு அந்த மயில் துணி" என்று கேட்டு வாங்கத்தான் அது. துணி உடுத்திக் கிழிந்து எந்தக் காலமோ ஆயிற்று, மயில் மட்டும் அம்மம்மாவின் தேவாரப் புத்தகத்துக்குள் இருக்கும். புத்தகங்களை ஒருமுறை உதறிப் பாருங்கள்.

அப்புறம் கல்வெட்டு. எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தச் சொல் விளங்காது. ஒருவர் செத்து 31ஆம் நாள் கொடுக்கும் நினைவு மலர். செத்த வீட்டுச் சாமான் என்று முதலில் வெளியே போவது அதுதான். அட்டையில் படம், உள்ளே வாழ்க்கை வரலாறு, வம்சாவளி எல்லாம் இருக்கும். அந்தப் பெரியப்பா யார் என்று சொல்லக்கூடியதும் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

படத் தபாலட்டை கிடைத்தால் படத்தின் மேலேயே கிறுக்கியிருக்கிறது என்று கழித்துவிடாதீர்கள். பின்பக்கம் முழுவதும் விலாசத்துக்கு மட்டும் என்றிருந்த காலம் அது. பிரித்தானியத் தபால் 1902இல்தான் பின்பக்கத்தைப் பாதி செய்திக்கு விட்டது. ஆகவே கிறுக்கல் பெரும்பாலும் அட்டை பழையது என்பதற்கு அடையாளம். கொழும்பில் 1890இல் தொடங்கிய பிளாட்டே நிறுவனத்தின் அட்டைகள் இன்னும் அங்கங்கே அகப்படுகின்றன. வருஷம் போடாத லேபலில் 'சிலோன்' என்று இருந்தால் 1972க்கு முந்தியது என்று ஓரளவு சொல்லலாம். தேயிலைப் பெட்டியை மட்டும் நம்பாதீர்கள், அது இன்றைக்கும் சிலோன்தான்.

முத்திரையை உறையிலிருந்து வெட்ட வேண்டாம். தபால் குறி, விலாசம், உறை எல்லாம் சேர்ந்ததுதான் சங்கதி.

செலோடேப்பைப் பற்றிப் பேசினால் எனக்குக் கோபம் வரும். இரண்டு மூன்று மழைக்காலம் போனால் பசை மஞ்சளாகிக் கடதாசிக்குள் இறங்கிவிடும், பிறகு பிரிக்க முடியாது. லாமினேட் செய்வதும் அப்படித்தான். எனக்கு வேண்டிய ஒருவர் தன் அம்மாவின் பள்ளிக்கூடச் சித்திரக் கொப்பியை அன்பு மிகுதியில் பக்கம் பக்கமாகக் கழற்றி லாமினேட் செய்தார். வர்ணமும் கடதாசியும் இப்போது பிளாஸ்டிக்கோடு ஒட்டிக் கிடக்கின்றன. கிழிந்தது கிழிந்தபடியே இருக்கட்டும். மெல்லிய வெள்ளைத் தாளுக்கிடையில் வைத்து, கடல் காற்று நேரே படாத அலுமாரியின் மேல்தட்டில் வையுங்கள். பின்பக்கத்தில் பென்சிலால், பேனையால் அல்ல, இது யாருடையது, எந்த ஊர் என்று இரண்டு சொல் எழுதுங்கள். அதை எழுதக்கூடியவர் இன்றைக்கு வீட்டில் சாய்மனைக் கதிரையில் இருந்தால், இன்றைக்கே கேளுங்கள்.

புது பிளாட்டில் இடமில்லையா? போனில் படமாவது பிடியுங்கள், வெயிலில் அல்ல, ஜன்னலோரம் வைத்து. கல்வெட்டுகளையும் மலர்களையும் நூலகம் நிறுவனம் எண்ணிம வடிவில் சேர்த்து இணையத்தில் வைத்திருக்கிறது. அவர்களிடம் பேசிப் பாருங்கள். மருதானை டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் பழைய புத்தகம் விற்கிறவர்களிடம் கொடுத்தால்கூட, அரைக்கப் போகும் லொறியில் ஏறுவதை விட நல்லது.

அந்தக் கணக்குக் கொப்பி என்னிடம்தான் இருக்கிறது. யானைக்கு நீளக் கால் கீறிய பெரியப்பா ஒருவர் உங்கள் வீட்டில் இருந்திருந்தால், வந்து பாருங்கள். உங்களுடையது என்றால் தந்துவிடுகிறேன், பேப்பர்காரருக்குக் கொடுத்த காசு கூட வேண்டாம்.

இப்படிக்கு,
அதே ஒழுங்கையில் குடியிருக்கும் ஒருத்தி