தோற்ற பந்தயங்களையும் எழுதுங்கள்

குதிரைப் பந்தயத்துக்கு டிப்ஸ் கொடுக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்களில் சிலர் சொன்ன குதிரைகள் மேல் பல வருடங்களாகப் பணம் கட்டியவன் நான். குதிரையையும் ஜாக்கியையும் நன்றாக எடைபோடத் தெரிந்தவர்கள் உங்களில் இருக்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் எழுத வந்தது, ஜெயித்ததைக் காட்டித் தோற்றதை அழித்துவிடும் உங்கள் கணக்கைப் பற்றி.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். 'பெரிய லாபம் இல்லை, ஆனால் கையைக் கடிக்கவும் இல்லை' என்று நெடுநாள் நம்பியிருந்தேன். வீட்டில் கேட்டாலும் அதையேதான் சொன்னேன். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே வரவில்லை. ஒருநாள் பழைய நோட்டை எடுத்துக் கூட்டிப் பார்க்க உட்கார்ந்தேன். ஜெயித்த நாட்களில் குதிரையின் பெயர், ஆட்ஸ் (ஜெயித்தால் கட்டியதற்கு எத்தனை மடங்கு லாபம் என்ற விகிதம்), கைக்கு வந்த தொகை எல்லாம் முத்து முத்தாக எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தேன். தோற்ற நாட்களில் தேதி மட்டும் இருந்தது. சில இடங்களில் அதுவும் இல்லை. வங்கிக் கணக்கை வைத்து விட்டுப்போன வரிகளை நிரப்பினேன். லாபம் என்று நம்பிய வருடங்களில் ஒன்றுகூட லாபத்தில் முடிந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு பந்தயத்தையும் ரேஸ் ஓடுவதற்கு முன்பே எழுதிவிடுகிறேன். ஓடி முடிந்த பிறகு எழுத உட்கார்ந்தால் மனசு தானாகவே திருத்தத் தொடங்கும். 'மூன்றாம் நம்பரைத்தான் முதலில் நினைத்தேன்' என்று தோன்றும். 'ஃபோட்டோ ஃபினிஷில், படம் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் அளவு மயிரிழையில் போனதை எப்படித் தோல்வி என்று எழுதுவது' என்று தோன்றும். வின், அதாவது முதலாவதாக வரும் என்று கட்டிய பணம் போய்விட்டது, அப்புறம் அது தோல்விதான்.

நீங்கள் '100-க்கு 30 ஜெயிப்பு' என்று போடுகிறீர்கள். பார்க்க நன்றாக இருக்கிறது. ஒரு ரேஸுக்கு ஒரு பங்கு, அதாவது ஒவ்வொரு தடவையும் ஒரே தொகை, கட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஜெயித்த 30 குதிரைகளின் சராசரி ஆட்ஸ் ஒன்றுக்கு இரண்டு என்றால், கட்டிய பங்கையும் சேர்த்துத் திரும்பி வருவது 90. கட்டியதோ 100. அதே 30 குதிரைகள் ஒன்றுக்கு மூன்றில் ஜெயித்திருந்தால் 120 வந்திருக்கும். ஆட்ஸ் சொல்லாமல் ஜெயிப்பு எண்ணிக்கையை மட்டும் போட்டால், லாபமா நஷ்டமா என்பதே தெரியாது.

எந்த ஆட்ஸ் என்பதும் இருக்கிறது. ஒன்றுக்கு ஆறு என்று இருக்கும்போது நீங்கள் பெயரைச் சொல்கிறீர்கள். எல்லோரும் போய் விழுந்ததும் அது நான்காகிவிடுகிறது. டோட்டில், அதாவது எல்லோருடைய பணத்தையும் ஒன்றாகச் சேர்க்கும் முறையில், கட்டுகிறவருக்கு இன்னும் சிக்கல். மொத்தப் பணத்தில் கழிவு போக மிச்சத்தைத்தான் ஜெயித்தவர்களுக்குப் பிரிக்கிறார்கள், பெட்டிங் மூடும்வரை அந்த விகிதம் மாறிக்கொண்டே இருக்கும். உங்கள் கணக்கில் ஆறு, எங்கள் கையில் நான்கு. இரண்டும் ஒரே கணக்கு ஆகாது. உங்கள் பேச்சைக் கேட்டுக் கட்டியவருக்கு எது கிடைத்திருக்குமோ அதை எழுதுங்கள்.

அடுத்து, 100 பந்தயம் என்பது மிகச் சின்ன கணக்கு. லாபமும் இல்லாமல் நஷ்டமும் இல்லாமல் போக வேண்டிய ஒருவர், ஒன்றுக்கு நான்கு ஆட்ஸில் 100 முறை கட்டுகிறார் என்று வையுங்கள். அப்படிப்பட்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர், வெறும் அதிர்ஷ்டத்தாலேயே 20 பங்கோ அதற்கு மேலோ லாபம் காட்டுவார். 1,000 பந்தயங்களின் கணக்கைக் காட்டினால்தான் திறமை கொஞ்சமாவது தெரியத் தொடங்கும்.

நீங்கள் தோல்விகளை அழித்துவிடுவது ஏமாற்றும் எண்ணத்தால் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. வெட்கம் ஒரு பெரிய காரணம். ஆனால் நான்கில் ஒன்றை ஜெயிக்கும் நல்ல ஆளுக்கும் 100 பந்தயங்களுக்குள் பத்து பதினொரு தோல்வி தொடர்ந்து வருவது சர்வசாதாரணம். அதில் மறைக்க என்ன இருக்கிறது? மறைத்ததால் என்ன ஆனது என்று கேளுங்கள். நான் பின்பற்றிய ஒருவர் தன் தோல்வித் தொடர்களை ஒருபோதும் காட்டியதில்லை. அவர் சொன்ன குதிரைகள் வரிசையாக ஏழு தோற்றபோது, இப்படி நடக்கவே நடக்காது, அடுத்தது கட்டாயம் வரும் என்று நம்பி இரட்டிப்பாகக் கட்டினேன். எட்டாவதும் தோற்றது. ஒன்பதாவதுக்கு அதையும் இரட்டிப்பாக்கினேன். வீட்டு வாடகைக்கு வைத்திருந்த பணம் அது. பதினொன்று வரை போகும் என்பதை அவருடைய பழைய கணக்கில் ஒரே ஒரு தடவை பார்த்திருந்தால் அன்று நிறுத்தியிருப்பேன்.

ஆகவே கேட்கிறேன். ரேஸ், குதிரை, ஆட்ஸ், எத்தனை பங்கு, இந்த நான்கையும் ரேஸுக்கு முன்பே எல்லோரும் பார்க்கும்படி எழுதிவையுங்கள். ஜெயித்த பிறகு 'இதற்கு ஐந்து பங்கு' என்று மாற்றாதீர்கள். இரண்டு குதிரைகள் ஒன்றாக முதலில் வரும் டெட் ஹீட்டில் பாதிப் பங்குக்குத்தான் பணம் வந்தது என்றால் அப்படியே எழுதுங்கள். குதிரை ஓடாமல் பணம் திரும்பி வந்தாலும் ஒரு வரி எழுதுங்கள். மாதக் கடைசியில் கட்டியது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று இரண்டே எண்கள் போதும்.

கடந்த 12 மாதக் கணக்கை வெளியிட்டுத் தொடங்கலாம். அதில் மோசமான மாதமும் இருக்கட்டும், அந்த மாதத்தைத்தான் நான் முதலில் படிப்பேன்.

அன்புடன்,
உங்களை நம்பிப் பணம் கட்டிய ஒருவன்