பொட்டலத்தில் என்ன மாத்திரை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், நம் உடம்பில் குடியிருக்கும் நுண்ணுயிர்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நம் உயிரணுக்களைப் போலப் பத்து மடங்கு பாக்டீரியா இருப்பதாக அதில் எழுதியிருந்தீர்கள். அது 1972-இல் தாமஸ் லக்கி என்ற ஆய்வாளர் போட்ட தோராயக் கணக்கிலிருந்து வந்தது. 2016-இல் இஸ்ரேல், கனடா ஆய்வாளர்கள் அதைத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். எழுபது கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடம்பில் உயிரணுக்கள் சுமார் 30 லட்சம் கோடி, பாக்டீரியாக்கள் சுமார் 38 லட்சம் கோடி. ஏறக்குறைய சரிக்குச் சரி. காலையில் ஒருமுறை கழிப்பறைக்குப் போய்வந்தாலே கணக்கு நம் பக்கம் சாய்ந்துவிடக்கூடும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள்! அத்தனை கோடியும் சேர்ந்து கால் கிலோகூட எடை வராது.

கணக்கு கிடக்கட்டும். கட்டுரையில் இல்லாத ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன். இந்தக் குடித்தனக்காரர்களை யாங்கோனில் நாம் தினமும் காலி செய்து கொண்டிருக்கிறோம்.

எங்கள் தெருமுனை மருந்துக்கடையில் சளி, காய்ச்சல் என்று போய் நின்றால் போதும். கடைக்காரர் கத்தரிக்கோலை எடுத்து நாலைந்து அட்டைகளிலிருந்து ஒவ்வொன்றாக வெட்டுவார். வெள்ளை மாத்திரை, மஞ்சள் மாத்திரை, இரண்டு நிறத்தில் ஒரு கேப்சூல். எல்லாவற்றையும் சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு, "மூன்று வேளை" என்பார். பெயர் எழுதிய பகுதி அட்டையோடு கடையிலேயே தங்கிவிடும். பக்கத்து வீட்டுப் பெண் தன் பிள்ளையின் சளிக்கு இப்படித்தான் வாங்கிக் கொடுத்தாள். சளி இருந்தபடியே இருக்க, வயிற்றுப்போக்கும் வந்து சேர்ந்தது. அதற்கும் அதே கடையில் இன்னொரு பொட்டலம். எந்த மாத்திரையால் வந்தது என்று யாரைக் கேட்பது? அவளைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. "டாக்டருக்குக் கொடுக்கிற காசில் ஒரு வாரம் அரிசி வாங்கலாம், அக்கா" என்கிறாள்.

சாதாரணச் சளிக்குக் காரணம் வைரஸ். இந்தப் பொட்டலங்களில் கலந்திருக்கும் ஆன்டிபயாடிக், அதாவது பாக்டீரியாவை அழிக்கும் மருந்து, வைரஸை ஒன்றும் செய்யாது. ஆனால் குடலில் இருக்கும் பாக்டீரியாக்களை அந்த மருந்து நல்லது கெட்டது பாராமல் அடிக்கும். பெரும்பாலானவை சில வாரங்களில் திரும்பி வந்துவிடும். சில வகைகள் மாதக்கணக்கில் தலைகாட்டுவதில்லை. அந்தக் காலி இடத்தில் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் போன்ற பொல்லாத கிருமி பெருகிவிட்டால் வயிற்றுப்போக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். இன்னொன்றும் எனக்கு வியப்பாக இருந்தது. தாய்ப்பாலில் உள்ள சில சர்க்கரைகளைக் குழந்தையால் செரிக்கவே முடியாதாம். அவை குழந்தையின் குடலில் வளரும் பிஃபிடோபாக்டீரியம் என்ற நல்ல பாக்டீரியாக்களுக்கான தீனி. தாயின் உடம்பே அவற்றுக்கும் சேர்த்துப் பாலூட்டும்போது, நாம் பெயர் தெரியாத கேப்சூலைக் கொடுத்து அவற்றை அழிக்கிறோம்.

லப்பெ சாப்பிட்டால் போனதெல்லாம் திரும்பிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். புளித்த தேயிலை எனக்கும் பிடிக்கும், ஆனால் அதை மருந்தென்று நம்பிக் கொண்டிருக்க மாட்டேன். ஆன்டிபயாடிக்கே கூடாது என்றும் சொல்லவில்லை. காசநோய்க்கும் டைஃபாய்டுக்கும் அது இல்லாமல் முடியாது, மருத்துவர் சொன்ன நாள்வரை விடாமல் சாப்பிட வேண்டும். பொட்டலத்தில் இரண்டு நாளைக்குக் கிடைப்பது எதற்கும் உதவாது. பிழைத்துக்கொண்ட கிருமிகள் அந்த மருந்துக்கு அசையாமல் போவதுதான் மிச்சம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், சிப்ரோஃப்ளாக்சசின் என இங்கே கடைகளில் அதிகம் விற்கும் ஆன்டிபயாடிக்குகளின் பெயர்களைத் தமிழில் ஒரு கட்டம் கட்டி வெளியிடுங்கள். அட்டையில் இருப்பது ஆங்கிலமும் பர்மியமும்தான், நம் பாட்டிமார் பலருக்கு இரண்டும் படிக்க வராது. பெயர் தெரிந்தால் "இதில் அது இருக்கிறதா, அட்டையைக் காட்டுங்கள்" என்றாவது கேட்பார்கள். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற கம்பவுண்டர் ஒருவர் இருக்கிறார். பட்டியலை அனுப்பினால் சரிபார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
யாங்கோன்