நோவோட்னாவுக்காக நீ சாப்பிடாமல் படுத்த ராத்திரி

அன்புள்ள விஜி,

நலம்தானே? முட்டிவலி குறைந்ததா? உனக்குப் பதில் போட்டு ஏழெட்டு மாதம் ஆகிவிட்டது, நேரில் வரும்போது திட்டித் தீர்த்துக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம்.

இன்றைக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் கென்ட் கோமகள், விம்பிள்டனில் கோப்பை கொடுப்பாரே, அந்த பிரிட்டிஷ் அரச குடும்பத்துப் பெண்மணி. 2025 செப்டம்பர் 4ஆம் தேதி, 92 வயதில் காலமானார். செய்தியோடு எங்கே பார்த்தாலும் அதே படம்தான், விம்பிள்டன் இறுதியில் ஸ்டெஃபி கிராஃபிடம் தோற்றுவிட்டு அவர் தோளில் முகம் புதைத்து அழுகிற செக் டென்னிஸ்காரி யானா நோவோட்னா. எனக்கு உடனே நம் ஹாஸ்டல் டிவி அறை ஞாபகம் வந்துவிட்டது. 1993 ஜூலை. நான் ஸ்டெஃபி கட்சி, நீ நோவோட்னா கட்சி. அவள் அழுதபோது நீயும் அழுதாய், நான் சிரித்தேன். நீ மெஸ்ஸுக்கே வராமல் படுத்துவிட்டாய். அதோடு விட்டேனா? ஒரு வருஷம் உன்னை ‘டபுள் ஃபால்ட்’ என்றே கூப்பிட்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் இந்தக் கடிதம், விஜி. நிஜமாகவே கேட்கிறேன்.

போன வாரம் அந்த ஆட்டத்தை மறுபடி முழுசாகப் பார்த்தேன். முதல் செட்டை டைபிரேக்கில் விட்டவள், இரண்டாவதில் ஸ்டெஃபியை 6-1 என்று துவைத்து எடுக்கிறாள். மூன்றாவதில் 4-1, சர்வீஸும் அவளுடையது, 40-30. ஒரே ஒரு பாயின்ட், எடுத்தால் 5-1. முதல் சர்வீஸ் தவறுகிறது. இரண்டாவது, கோட்டைத் தாண்டி எங்கேயோ போய் விழுகிறது, அதுதான் அந்த டபுள் ஃபால்ட். கொஞ்ச நேரத்தில் ஒரு ஸ்மாஷ், நெட்டிலேயே அடிக்கிறாள். அப்புறம் ஸ்டெஃபி வரிசையாக ஐந்து கேம். பயந்தாங்கொள்ளி என்று அன்றைக்குச் சொன்னது நான்தான். ஆனால் இப்போது பார்த்தால், ஸ்டெஃபியை அவ்வளவு தூரம் திணற வைத்ததே அவள் சர்வீஸ் போட்ட கையோடு நெட்டுக்கு ஓடி வந்ததால்தான். எல்லாம் கைவிட்டுப் போகும்போதும் அந்த ஓட்டத்தை அவள் நிறுத்தவில்லை. நடுங்கியது கைதான், கால் முன்னால்தான் போனது. நீ இதை அன்றே சொன்னாய், நான் காதில் வாங்கவில்லை.

1995 பிரெஞ்ச் ஓபனில் சாண்டா ரூபினிடம் மூன்றாவது செட்டில் 5-0, 40-0 என்று இருந்தும், ஒன்பது மேட்ச் பாயின்ட், ஒன்றை எடுத்தாலே ஆட்டம் அவளுடையது, கையில் வந்தும் தோற்றாளே, அதோடு நீ டென்னிஸ் பார்ப்பதையே விட்டுவிட்டாய். அவள் விடவில்லையடி! 1997 விம்பிள்டன் இறுதியில் மறுபடி தோல்வி, மார்டினா ஹிங்கிஸிடம். அடுத்த வருஷம் திரும்ப வந்து வீனஸ் வில்லியம்ஸைச் சாய்த்து, அரையிறுதியில் அதே ஹிங்கிஸையும் சாய்த்து, இறுதியில் பிரான்ஸின் நத்தாலி டோசியாவை 6-4, 7-6 என்று ஜெயித்தாள். அப்போது வயது 29. கோப்பையைக் கொடுத்தது அதே கோமகள். அந்தப் படத்தை யாராவது போடுகிறார்களா? இரட்டையரில் மட்டும் 12 கிராண்ட்ஸ்லாம், அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஒற்றையர் வெண்கலம், இவ்வளவும் இருக்க, அழுத முகம்தான் வேண்டும் இவர்களுக்கு. எனக்கு ஆத்திரமாக வருகிறது.

2017இல் புற்றுநோயில் போய்விட்டாள், 49 வயது. அது உனக்குத் தெரியும். இது தெரியுமா பார்: 2014இல் பார்போரா கிரெய்ச்சிகோவா என்று ஒரு 18 வயதுப் பெண், செக் நாட்டு ப்ர்னோ நகரில் நோவோட்னாவின் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாள், கையில் ஒரு கடிதத்தோடு. அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை, வழி சொல்லுங்கள் என்று. நோவோட்னா அவளைக் கோர்ட்டுக்கு அழைத்துப் போய் ஆடவிட்டுப் பார்த்து, அன்றிலிருந்து கூடவே நின்று சொல்லிக்கொடுத்தாள். நோயில் கிடந்தபோதும் அந்தப் பெண் பக்கத்தில் இருந்திருக்கிறாள். அவள்தான் 2021இல் பிரெஞ்ச் ஓபனில் ஒற்றையர், இரட்டையர் இரண்டையும் தட்டிச்சென்றது, 2024இல் விம்பிள்டனும். ஜெயித்த பிறகு, வென்றவர்கள் பெயர்ப்பலகையில் நோவோட்னா பெயரோடு தன் பெயரும் இருப்பதைப் பார்த்து அழுதுவிட்டாள். இந்த முறை நான் சிரிக்கவில்லை, விஜி.

தை மாதம் வருகிறாய் அல்லவா, இரண்டு நாளாவது என் வீட்டில் தங்கு. 98 இறுதியாட்டத்தை எடுத்து வைத்திருக்கிறேன். பிரசவத்துக்கு அம்மா வீட்டில் இருந்தாய், நீ அதைப் பார்த்ததே இல்லை. சேர்ந்து பார்ப்போம், ஆனால் முதலில் சாப்பிட்டுவிட்டு.

அன்புடன்,
உன் கல்பனா