ஃபைவ் அயர்ன் ஃப்ரென்ஸிக்கும் அவங்க பின்னாடி நின்னவங்களுக்கும் நன்றி

அமெரிக்காவுல டென்வர் ஊர்ல 1995ல ஆரம்பிச்ச கிறிஸ்தவ ஸ்கா பங்க் பேண்டு ஃபைவ் அயர்ன் ஃப்ரென்ஸி. அந்த ஆளுங்களுக்கும் அவங்கள விட்டுக்கொடுக்காம தாங்குனவங்களுக்கும் மனசார ஒரு நன்றி சொல்லணும், ரொம்ப நாள் கடன் இது.

முதல்ல ஊதுறவங்களுக்கு. ட்ரம்பெட் டன்ஹம், ட்ராம்போன் டென்னிஸ் கல்ப், சாக்ஸஃபோன் லியானோர் ஒர்டேகா அக்கா. ஸ்கா ஜமைக்காவுல பொறந்த இசை, கிட்டார் தாளத்தோட எடுப்புல விழாம இடையில சக் சக்னு வெட்டி வெட்டி போகும், கேட்டா காலு சும்மா இருக்காது, அதுக்கு மேல பங்க் வேகத்தையும் கரகர கிட்டாரையும் ஏத்தி நீங்க மூணு பேரும் சேந்து ஊத ஆரம்பிச்சா கெட்டிமேளம் கொட்டுன மாதிரி வீடே நிறைஞ்சிடும்.

ஆனா பாடுற ரீஸ் ரோப்பர் அண்ணே, அந்த குதூகலத்துக்குள்ள நீங்க வச்ச வார்த்தைங்க இருக்கே, அதுக்குத்தான் பெரிய நன்றி. 1996ல வந்த முதல் ஆல்பத்துலயே, கடவுள் பேர சொல்லி அமெரிக்காவோட மேற்குப் பக்கம் போய் பழங்குடிங்க நிலத்த பிடுங்குனவங்கள கேள்வி கேட்டீங்க. அடுத்த வருஷ ஆல்பத்துல செயென்ங்கிற அமெரிக்கப் பழங்குடியோட தலைவர் பிளாக் கெட்டில் கதை. உங்க கொலராடோவுலயே சாண்ட் கிரீக்ல 1864ல நடந்த படுகொலையில தப்பிச்ச மனுஷன், அமெரிக்கக் கொடிய ஏத்தி வச்சிருந்தும் அமெரிக்கப் படை சுட்டுச்சு, நாலு வருஷம் கழிச்சு வாஷிடா ஆத்தங்கரையில அமெரிக்க ராணுவத்து கஸ்டரோட படை அவர கொன்னுடுச்சு. சபையில துதிப்பாட்டு மட்டும் கேட்டு வளந்த எனக்கு, விசுவாசம் இருக்கிறவனே இப்படி கோபப்படலாம்னு காட்டுனது நீங்கதான். அதே ஆளுங்க கால்ல மாட்டுற பேண்ட்டப் பத்தி குட்டி குட்டியா ஓபராவும் பாடுவீங்க, ரெண்டும் எனக்கு வேணும்!

ஆரம்பத்துல இவங்கள நம்பி ஆல்பம் போட்ட ஃபைவ் மினிட் வாக் கம்பெனிக்கும், ரெக்கார்ட் பண்ணிக்கொடுத்த மசாகி லியூவுக்கும் நன்றி. 2000ல வந்த ஆல்பத்துல லத்தீன் வாசனை, 2001ல ராக் கனம் கூடி ஸ்கா குறைஞ்சு போச்சு, எனக்கு அதுவும் பிடிக்கும்.

2003 நவம்பர் 22, டென்வர் ஃபில்மோர் அரங்கத்துல கடைசி கச்சேரின்னு முடிச்சிட்டாங்க. சரியா எட்டு வருஷம் கழிச்சு அதே தேதியில திரும்பி வர்றோம்னு சொல்லி கிக்ஸ்டார்ட்டர்ங்கிற நிதி திரட்டுற இணையதளத்துல ரசிகருங்ககிட்ட 30,000 டாலர் கேட்டா, ஒரு மணி நேரத்துக்குள்ள அது வந்து கடைசியில 2 லட்சம் டாலர தாண்டிடுச்சு. அந்தக் காச போட்ட முகம் தெரியாத அத்தனை பேருக்கும் கையெடுத்துக் கும்பிடறேன், 2013 ஆல்பம் நீங்க கொடுத்தது.

இன்னொன்னு சொல்லியே ஆகணும். திரும்பி வந்தப்ப எல்லார்கிட்டயும் பழைய விசுவாசம் இல்ல, சிலர் அத விட்டுட்டாங்க, வெளிப்படையாவே சொல்லிட்டாங்க. ஆனாலும் நம்புறவங்களும் நம்பாதவங்களும் ஒரே மேடையில நின்னு வாசிக்கிறாங்க, யாரும் யாரையும் வெளிய தள்ளல. நான் பாத்த எந்த சபையிலயும் இது அவ்வளவு சுலபமா நடக்கல. இந்த நன்றி உங்க எல்லாருக்கும், தனித்தனியா.

2021ல வந்த ஆல்பத்துல ஸ்கா முழுசா திரும்பி வந்துடுச்சு, கோபமும் கூடவே வந்துடுச்சு. அடுத்தது எப்பன்னு மட்டும் சொல்லுங்க, காசு எடுத்து வச்சிருக்கேன்.